சூட்டில் நெகிழும் உலோகமும் நெகிழாத துகளும்

அலுமினியக் கட்டியொன்றை 450 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி ஓர் அச்சின் வழியே அழுத்தித் தள்ளினால் அது கம்பியாகவோ குழாயாகவோ பட்டையாகவோ உருமாறி வெளிவருவது எவருக்கும் கண்ணால் தெரியும் மாற்றம். ஆனால் அந்தப் பட்டை எவ்வளவு சுமை தாங்கும், எத்தனை முறை அசைந்தால் களைத்து முறியும் என்பவற்றை முடிவு செய்வது, தலைமுடியின் பருமனைவிடச் சிறிய அளவில் அதனுள்ளே நிகழும் வேறொரு மாற்றம். உலோகத்துக்குள் கடினமான பீங்கான் துகள்களைக் கலந்து உருவாக்கும் கூட்டுப்பொருள்களில் இந்த உள்மாற்றம் மேலும் சிக்கலாகிறது. சூட்டில் உலோகம் நெகிழ்கிறது, துகள் நெகிழ்வதில்லை. அந்தத் துகள் ஓரிடத்தில் புதிய படிகங்கள் பிறக்கத் தூண்டுகிறது, ஓரிடத்தில் பிறந்த படிகங்கள் வளர விடாமல் மறிக்கிறது, மற்றோரிடத்தில் தானே உடைந்து விரிசலுக்கு வித்திடுகிறது. இவற்றுள் எது நேரும் என்பதைத் துகளின் அளவு, வெப்பநிலை, அழுத்தும் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிப்பதால், பட்டறையில் வடிவம் பெறும் அந்தச் சில நொடிகளிலேயே பொருளும் இரண்டாம் முறை தயாராகிறது என்று சொல்வது மிகையாகாது.

அலுமினியக் கூட்டுப்பொருள் என்பது அலுமினியத்தையோ அதன் கலப்புலோகத்தையோ தாங்குலோகமாகக் கொண்டு, அதனுள் சிலிக்கன் கார்பைடு, அலுமினா, டைட்டானியம் டைபோரைடு போன்ற பீங்கான்களைத் துகளாகவோ இழையாகவோ பரப்பிய பொருள். கலப்புலோகத்தில் தாமிரமும் மெக்னீசியமும் அணு அளவில் கரைந்து கலந்திருக்க, கூட்டுப்பொருளில் துகள் தன் உருவத்தையும் இயல்பையும் இழக்காமல் தனித்தே இருக்கிறது என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், சிலிக்கன் கார்பைடின் அடர்த்தி 3.2 கிராம்; ஆகவே துகள் சேர்ப்பதால் எடை அதிகம் கூடுவதில்லை. விறைப்போ பெரிதும் கூடுகிறது. ஒரு பொருள் நீட்டலை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் யங் குணகம் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 70 கிகாபாஸ்கல், சிலிக்கன் கார்பைடுக்கு 400க்கும் மேல். கன அளவில் 15 முதல் 20 சதவீதம் வரை துகள் சேர்த்தாலே கூட்டுப்பொருளின் குணகம் 100 கிகாபாஸ்கலை நெருங்கிவிடுகிறது. எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கொண்ட பொருளில் இந்த விறைப்பு கிடைப்பது வானூர்திப் பொறியாளர்களைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

எஃப்-16 போர் விமானத்தின் வயிற்றுப்புறத் துடுப்புகளில் பயன்பட்ட தகடு, 6092 என்னும் கலப்புலோகத்தில் 17.5 சதவீதம் சிலிக்கன் கார்பைடு சேர்த்து ரோலிங் முறையில் உருட்டப்பட்டது. போயிங் 777 விமானங்களில் பொருத்தப்பட்ட பிராட் அண்ட் விட்னி 4000 வரிசை இயந்திரங்களின் விசிறிக்குப் பின்னால் காற்றை நெறிப்படுத்தும் அலகுகள், அதே பொருளை எக்ஸ்ட்ரூஷன் முறையில், அதாவது அச்சின் வழியே பிதுக்கி, உருவாக்கியவை. இசி-120 ஹெலிகாப்டரின் சுழல்இறக்கையைப் பற்றும் உறைகளோ 2009 கலப்புலோகத்தில் 15 சதவீதத் துகள் சேர்த்த பொருளை ஃபோர்ஜிங் முறையில், சூட்டில் அச்சுக்குள் வைத்து அழுத்தி, வடித்தவை. உருட்டல், பிதுக்கல், அழுத்தி வடித்தல் என்னும் மூன்று வழிகளும் இங்கே உண்டு. மூன்றுமே சூட்டில் நிகழ்பவை.

சூடு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு விடை, இப்பொருள் முதன்முதலில் உருவாகும் விதத்தில் இருக்கிறது. மிக மலிவான வழி, உருகிய அலுமினியத்தைச் சுழலும் துடுப்பால் கலக்கிக்கொண்டே அதில் துகளைத் தூவும் கலக்கு வார்ப்பு முறை. இத்துறையின் தொடக்கக் காலப் பணியில் இந்தியாவுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு: அலுமினியத்துக்குள் கிராஃபைட்டைப் புகுத்தும் ஆய்வை 1960களில் அமெரிக்காவில் தொடங்கிய பிரதீப் ரோஹத்கி, பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அதைத் தொடர்ந்தார், அவரும் எம். கே. சுரப்பாவும் பீங்கான் துகள் சேர்ந்த அலுமினிய வார்ப்புகளைப் பற்றி 1981இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும் இம்முறையில் தொல்லைகளும் பல. உருகிய அலுமினியம் பீங்கான் பரப்பில் எளிதாகப் பரவி ஒட்டுவதில்லை. அதைச் சரிசெய்ய மெக்னீசியம் சேர்க்க வேண்டியிருக்கிறது. கலக்கும்போது காற்றுக் குமிழிகள் உள்ளே போகின்றன. உருகிய உலோகம் உறையும்போது, கிளைகிளையாக வளரும் படிகங்களின் முனைகள் துகள்களைத் தள்ளிக்கொண்டே முன்னேறுவதால், கடைசியாக உறையும் இடைவெளிகளில் துகள்கள் நெருக்கியடித்துச் சேர்ந்துவிடுகின்றன. உலோகப் பொடியையும் துகள் பொடியையும் கலந்து சூட்டில் அழுத்திச் சேர்க்கும் பொடி உலோகவியல் முறையில் பரவல் இதைவிடச் சீராக அமையும் என்றாலும், ஒவ்வொரு அலுமினியப் பொடியின் மேலும் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலம் பொடிகள் ஒன்றோடொன்று முழுமையாகப் பிணைவதைத் தடுக்கிறது. இக்குறைகளோடு கூடிய கட்டியை அறை வெப்பநிலையில் உருட்டினால் ஓரங்கள் பிளந்துவிடும். சூட்டில் உருட்டினால் வடிவமும் கிடைக்கும், குறைகளும் பெருமளவு நீங்கும்.

அந்த நீக்கம் எப்படி நிகழ்கிறது என்று அறிய, உலோகத்தின் நுண்கட்டமைப்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். எந்த உலோகத் துண்டும் எண்ணற்ற சிறு படிகங்களின் தொகுப்பு. இவற்றைப் படிகமணிகள் அல்லது சுருக்கமாக மணிகள் எனலாம். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் ஒரே திசையொழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த மணியில் அவ்வொழுங்கு வேறு கோணத்தில் திரும்பியிருக்கும். இரண்டும் சந்திக்கும் இடமே மணி எல்லை. மணிக்குள் அடுக்கு எங்கும் பிசகில்லாமல் இருப்பதில்லை. ஓர் அணுத்தளம் பாதியில் நின்றுபோனால் அதன் விளிம்பு ஒரு கோடாகப் படிகத்தினூடே ஓடும். இக்கோட்டுக் குறையே இடப்பிறழ்வு எனப்படுகிறது. மரவட்டை தன் கால்களையெல்லாம் ஒருங்கே தூக்கி வைக்காமல், உடல் நெடுக ஓர் அலையை ஓடவிட்டு நகர்வதைப் போல, உலோகமும் ஒரு தளத்தின் அணுக்களையெல்லாம் ஒரே நேரத்தில் நகர்த்தாமல், இடப்பிறழ்வை ஓரணு ஓரணுவாக ஓடவிட்டே உருமாறுகிறது. உருமாற்றம் கூடக்கூட இடப்பிறழ்வுகள் பெருகி, ஒன்றையொன்று சிக்கவைத்து, உலோகத்தைக் கடினமாக்குகின்றன. நன்றாக அடித்து நசுக்கிய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் இடப்பிறழ்வுக் கோடுகளையெல்லாம் நீட்டி இணைத்தால் ஒரு இலட்சம் கிலோமீட்டரையும் தாண்டும் என்று கணக்கிட்டால், அந்தச் சிக்கலின் அளவு ஒருவாறு விளங்கும்.

குளிர்ந்த உலோகத்தில் இச்சிக்கல் அப்படியே தங்கிவிடும். சூட்டில் அணுக்களுக்கு இடம் மாறும் ஆற்றல் கிடைப்பதால், சிக்கிய இடப்பிறழ்வு தன் தளத்தை விட்டு அடுத்த தளத்துக்கு ஏறித் தப்பிக்கவும், எதிரெதிரானவை சந்தித்து ஒன்றையொன்று அழிக்கவும், எஞ்சியவை வரிசையாக அணிவகுத்து மெல்லிய சுவர்களாக நிற்கவும் முடிகிறது. உருமாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே நிகழும் இந்தச் சீரமைப்புக்கு இயங்குநிலை மீட்சி என்று பெயர். சுவர்களால் பிரிக்கப்பட்ட சிறு அறைகள் உள்மணிகள் எனப்படுகின்றன. அடுத்தடுத்த உள்மணிகளுக்கு இடையே திசை வேறுபாடு சில டிகிரிகளே இருக்கும். அந்தக் கோணம் 15 டிகிரியைத் தாண்டினால் அதை உண்மையான மணி எல்லையாகக் கொள்வது வழக்கம்.

அலுமினியம் மீட்சியில் மற்ற பல உலோகங்களை விஞ்சியது. அணுத்தளங்கள் அடுக்கப்படும் வரிசையில் பிழை நேர்ந்தால் அதற்குத் தேவைப்படும் ஆற்றலை அடுக்குப்பிழை ஆற்றல் என்பர். அலுமினியத்தில் அது தாமிரத்தில் இருப்பதைவிட இருமடங்குக்கும் மேல். இவ்வாற்றல் மிகுந்த உலோகத்தில் இடப்பிறழ்வு இரண்டாகப் பிளந்து விரியாமல் ஒடுங்கியே இருப்பதால், எளிதாகத் தளம் மாறித் தப்பிக்கிறது. இதனால் தாமிரத்தையோ நிக்கலையோ சூட்டில் அழுத்தும்போது பழைய மணிகளை விழுங்கிக்கொண்டு முற்றிலும் புதிய மணிகள் முளைத்தெழும் மறுபடிகமாதல் தெளிவாகத் தெரிய, தூய அலுமினியத்தில் அது அரிதாகவே நிகழ்கிறது; இடப்பிறழ்வுகள் அவ்வப்போது தணிந்துவிடுவதால் புதிய மணி பிறப்பதற்கான உந்துதல் சேர்வதில்லை. மாறாக, உள்மணிச் சுவர்கள் மேன்மேலும் இடப்பிறழ்வுகளை ஏற்றுத் தம் கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு இறுதியில் மணி எல்லைகளாகவே மாறுவதும் உண்டு. திடீர்ப் பிறப்பு ஏதுமின்றித் தொடர்ச்சியாக நடக்கும் இம்மாற்றத்தைத் தொடர்நிலை மறுபடிகமாதல் என்று வேறுபடுத்திச் சொல்வர்.

இத்தகைய அமைதியான உலோகத்துக்குள் கடினத் துகள் புகுந்ததும் நிலைமை மாறுகிறது. அழுத்தம் தொடங்குவதற்கு முன்பே துகள் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதே உண்மை. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அலுமினியம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 24 பங்கு விரியும் அல்லது சுருங்கும். சிலிக்கன் கார்பைடோ நான்கு ஐந்து பங்கு மட்டுமே. ஆகையால் 500 டிகிரியிலிருந்து அறை வெப்பநிலைக்குக் குளிரும்போது இரண்டின் சுருக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சதவீத வேறுபாடு விழுகிறது. ஒரு சதவீதம் சிறிதாகத் தோன்றினாலும், அலுமினியம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லையை அது பலமடங்கு தாண்டியது. துகளைச் சுற்றியுள்ள உலோகம் யாரும் அழுத்தாமலேயே நெளிந்து, இடப்பிறழ்வுகளால் நிறைந்துவிடுகிறது.

பின்னர் அழுத்தம் வரும்போது, உருமாறும் உலோகமும் உருமாறாத துகளும் பிரிந்துவிடாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமானால், துகளை ஒட்டிய உலோகம் தன் திசையொழுங்கையே திருப்பிக்கொண்டு இடம் கொடுத்தாக வேண்டும். இதனால் ஒவ்வொரு பெரிய துகளையும் சுற்றி, மிகுந்த இடப்பிறழ்வும் கடும் திசைத் திருப்பமும் கொண்ட ஓர் உருமாற்ற வளையம் தோன்றுகிறது. புதிய மணி முளைக்க இவ்விரண்டுமே தேவை: ஆற்றல் சேர்ந்திருக்க வேண்டும், சுற்றத்திலிருந்து வேறுபட்ட திசையும் இருக்க வேண்டும். எஃப். ஜே. ஹம்ஃப்ரீஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வில், உருமாறிய அலுமினியத்தைப் பின்னர் சூடாக்கும்போது, ஏறத்தாழ ஒரு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, மேற்பட்ட துகள்களைச் சுற்றியே புதிய மணிகள் பிறக்கின்றன என்று காட்டினார். துகள் தூண்டும் மணிப்பிறப்பு என இன்று வழங்கும் இக்கருத்து, அலுமினியக் கூட்டுப்பொருள்களின் நுண்கட்டமைப்பைப் புரிந்துகொள்வதற்கு அடிக்கல்லாக விளங்குகிறது. வார்ப்பில் நூறு மைக்ரானுக்கும் மேல் இருந்த மணிகள் சூட்டுப் பிதுக்கலுக்குப் பின் சில மைக்ரான்களாகக் குறைந்திருப்பதற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று; மணி சிறுத்தால் எல்லைகள் பெருகும், எல்லைகள் பெருகினால் இடப்பிறழ்வின் ஓட்டம் தடைபட்டு வலிமை கூடும்.

ஆனால் ஒரு மைக்ரான் என்னும் அந்த வரம்பு குளிரில் உருமாற்றிய உலோகத்துக்கு உரியது. அதே ஹம்ஃப்ரீஸ், பி. என். காலுவுடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வு, சூட்டில் உருமாற்றும்போது கதை வேறாவதைக் காட்டியது. வெப்பநிலை போதிய அளவு உயர்ந்து, அழுத்தும் வேகமும் குறைந்தால், துகளிடம் வந்து சேரும் இடப்பிறழ்வு அங்கே குவியாமல், தளம் மாறி ஏறித் துகளைச் சுற்றிக் கடந்துவிடுகிறது. உருமாற்ற வளையமே தோன்றுவதில்லை. துகள் சிறிதானால் சுற்றிக் கடக்க வேண்டிய தூரமும் குறைவு என்பதால், வெப்பநிலை உயர உயர, மணிப்பிறப்பைத் தூண்டவல்ல துகளின் குறைந்தபட்ச அளவும் உயர்ந்துகொண்டே போகிறது. ஒரே கூட்டுப்பொருள், ஒரே துகள். 350 டிகிரியில் வேகமாக அழுத்தினால் புதிய மணிகள் பிறக்கலாம், 500 டிகிரியில் மெதுவாக அழுத்தினால் வெறும் மீட்சியோடு நின்றுவிடலாம். சூடு கூடினால் மறுபடிகமாதலும் கூடும் என்ற பொது எண்ணம் இங்கே பொய்த்துப்போவது கவனிக்கத்தக்கது.

துகளின் மறுமுகம் தடுப்பது. நகர்ந்துவரும் மணி எல்லை ஒரு துகளைத் தொட்டதும், துகள் மறைத்த பரப்பளவுக்கு எல்லையின் ஆற்றல் குறைகிறது. துகளை விட்டு விலக வேண்டுமானால் அப்பரப்பை மீண்டும் உருவாக்க வேண்டும் என்பதால் எல்லை அங்கேயே மாட்டிக்கொள்கிறது. கிளாரன்ஸ் ஜீனரின் இக்கருத்தை சிரில் ஸ்டான்லி ஸ்மித் 1948இல் தம் கட்டுரையில் எடுத்துரைத்ததால், இதற்கு ஜீனர் தடுப்பு என்ற பெயர் நிலைத்தது. அதன் எளிய வடிவத்தின்படி மணிகள் வளரக்கூடிய உச்ச அளவு, துகளின் ஆரத்தை நான்கால் பெருக்கி, துகளின் கனப்பங்கின் மும்மடங்கால் வகுத்தால் கிடைக்கும். 5 மைக்ரான் ஆரமுள்ள துகள் 15 சதவீதம் இருந்தால் இந்த வரம்பு 44 மைக்ரான். 50 நானோமீட்டர் ஆரமுள்ள நுண்துகள் வெறும் 2 சதவீதம் இருந்தாலே வரம்பு 3.3 மைக்ரானுக்கு இறங்கிவிடுகிறது. மிகச் சிறிய துகள் மிகக் குறைந்த அளவிலேயே மணிகளைச் சிறிதாக நிறுத்திவைக்கிறது என்பதே நானோ கூட்டுப்பொருள்கள் மீது கடந்த சில பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் கொண்டிருக்கும் ஆர்வத்துக்கு ஒரு காரணம். அதே சமயம் அந்த நுண்துகள் இடப்பிறழ்வுகளையும் பிடித்துவைத்து, உள்மணிச் சுவர்கள் உருவாவதையும், அவை மணி எல்லைகளாக முதிர்வதையும் தாமதப்படுத்தக்கூடும். பெரிய துகள் தூண்டுகிறது, சிறிய துகள் மறிக்கிறது என்று பொதுவாகச் சொல்லலாம். நடைமுறைப் பொருள்களில் இருவகையும் கலந்தே கிடப்பதால் எந்த விளைவு மேலோங்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

வெப்பநிலையும் வேகமும் தனித்தனிக் காரணிகள் போலத் தோன்றினாலும், அவற்றை ஒரே அளவாகச் சேர்க்கும் வழி 1944இலிருந்தே உண்டு. ஜீனரும் ஜான் ஹெர்பர்ட் ஹொலமனும் எஃகைப் பற்றிய ஆய்வில் முன்வைத்த அவ்வழி, உருமாற்றம் நொடிக்கு எவ்வளவு நிகழ்கிறது என்னும் திரிபு வீதத்தை, அணுக்களின் இடமாற்றத்துக்குத் தேவையான ஆற்றலையும் வெப்பநிலையையும் கொண்ட ஓர் அடுக்குக்குறிக் காரணியால் பெருக்குகிறது. கிடைக்கும் மதிப்பு, ஜீனர்-ஹொலமன் அளவுரு. அலுமினியத்தில் அணுக்கள் இடம் மாறத் தேவைப்படும் ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 142 கிலோஜூல் என்று கொண்டு கணக்கிட்டால், 400 டிகிரியில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அழுத்துவது, 450 டிகிரியில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு வேகத்தில் அழுத்துவதற்கு இணையாகிறது. ஐம்பது டிகிரி வேறுபாட்டுக்கு ஆறு மடங்கு வேகம் என்பது, உலையின் வெப்பநிலையைச் சற்று அசட்டையாக வைத்திருக்கும் தொழிற்சாலைக்கு எச்சரிக்கை. அளவுரு குறைவாக இருந்தால், அதாவது சூடு மிகுந்து வேகம் குறைந்தால், உள்மணிகள் பெரிதாகவும் சுவர்கள் தெளிவாகவும் அமையும். அளவுரு உயர்ந்தால் உள்மணிகள் சிறுத்து, இடப்பிறழ்வு அடர்ந்து, உலோகம் கூடுதல் எதிர்ப்பைக் காட்டும்.

இவற்றையெல்லாம் அளக்கும் வழக்கமான சோதனை எளிமையானது. விரல்நுனி அளவுள்ள சிறு உருளை ஒன்றைக் குறித்த வெப்பநிலைக்குச் சூடாக்கி, குறித்த திரிபு வீதத்தில் உயரம் பாதியாகும்வரை அமுக்கி, உடனே நீரில் குளிர்வித்து உள்ளமைப்பை உறையவைத்து, பின் வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் காண்பர். ஒவ்வொரு மணியின் திசையையும் புள்ளிபுள்ளியாக வரைந்து காட்டும் எலெக்ட்ரான் எதிர்ச்சிதறல் முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. வெப்பநிலை பெரும்பாலும் 300 முதல் 500 டிகிரி வரை, திரிபு வீதம் நொடிக்கு 0.001 முதல் 10 வரை மாற்றிப் பார்க்கப்படும். அமுக்கத் தொடங்கியதும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பின் மேல் தேவைப்படும் விசை, விரைந்து ஏறி ஓர் உச்சத்தை அடைந்து, பின் ஓரளவு இறங்குகிறது அல்லது சமநிலையில் நின்றுவிடுகிறது. சமநிலை மீட்சியையும் இறக்கம் மறுபடிகமாதலையும் குறிக்கும் என்று பல கட்டுரைகள் உடனே முடிவுகட்டிவிடுவது சரியன்று. கூட்டுப்பொருளில் துகள் உடைந்தாலும், துகளும் உலோகமும் பிரிந்தாலும், வேகமாக அமுக்கும்போது உருளை உள்ளுக்குள் சூடேறினாலும் அதே இறக்கம் வளைகோட்டில் தெரியும். வளைகோட்டை மட்டும் பார்த்து நுண்கட்டமைப்பை ஊகிக்க முடியாது. வெட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

எந்த வெப்பநிலையில் எந்த வேகம் நல்லது என்பதை ஒரே படத்தில் காட்டும் முயற்சியாக, ஒய். வி. ஆர். கே. பிரசாத் முதலானோர் 1984இல் டைட்டானியக் கலப்புலோகம் ஒன்றைக் கொண்டு செயல்முறை வரைபடம் என்னும் கருத்தை வெளியிட்டனர். உருமாற்றத்துக்குச் செலவாகும் திறனில் எவ்வளவு வெறும் வெப்பமாகப் போகிறது, எவ்வளவு உள்ளமைப்பை மாற்றப் பயன்படுகிறது என்று பிரித்து, பின்னதன் பங்கை வெப்பநிலைக்கும் திரிபு வீதத்துக்கும் எதிராக வரைவதே இதன் சாரம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிரசாத்தின் குழு நூற்றுக்கும் மேற்பட்ட உலோகங்களுக்கு இவ்வாறு வரைபடங்கள் தயாரித்து, 1997இல் பெருந்தொகுப்பாக வெளியிட்டது. அலுமினியக் கூட்டுப்பொருள்களைப் பற்றிய ஆய்வுகளில் இன்று இவ்வரைபடம் இல்லாதது அரிது. இதன் கோட்பாட்டு அடிப்படையை மோந்தெய்யே, ஜோனாஸ், நீல் ஆகியோர் 1996இல் கடுமையாக மறுத்து எழுதினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். கோட்பாட்டுச் சண்டை ஒருபுறம் இருக்க, நடைமுறையில் ஒரு பொறி உண்டு: விரிசல் விடுவதும் துகள் பிரிவதும்கூட உள்ளமைப்பை மாற்றும் செயல்களே ஆதலால், அவை நிகழும் இடத்திலும் வரைபடம் உயர்ந்த செயல்திறனைக் காட்டலாம். மேடாகத் தெரியும் இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்று நம்பிக் கட்டியை அச்சில் ஏற்றினால், வெளிவருவது பிளந்த பட்டையாக இருக்கக்கூடும்.

இதுவரை சொன்னவை தாங்குலோகத்தின் மாற்றங்கள். துகள்களின் இருப்பிடமும் உருவமும் மாறுவது அதற்குச் சற்றும் குறைந்ததன்று. வார்ப்பில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்த துகள்கள், பிதுக்கலின்போது உலோகம் அச்சின் குறுகலை நோக்கிப் பாய்கையில், ஒன்றிலிருந்து ஒன்று சறுக்கிப் பிரிகின்றன. கொத்துகளுக்குள் ஒளிந்திருந்த வெற்றிடங்கள் சுற்றுமுற்றும் இருந்து வரும் அழுத்தத்தால் மூடிக்கொள்கின்றன. பொடிகளின் மேலிருந்த ஆக்சைடுப் படலம் கிழிந்து, புத்தம் புதிய உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று தொட்டுப் பிணைகின்றன. நீண்ட துகள்கள் பாயும் திசையில் தம்மைத் திருப்பிக்கொள்கின்றன. கொத்துகள் முழுமையாகக் கலையாதபோது அவை திசைநெடுக இழுபட்டு, துகள் நிறைந்த வரிகளும் துகளற்ற வரிகளுமாக மாறி மாறி அமைவதும் உண்டு. அத்தகைய பட்டை நீளவாக்கில் வலிமையாகவும் குறுக்குவாக்கில் எளிதில் முறிவதாகவும் அமையும் என்பதால், குறுக்குச் சுமை வரும் உறுப்புகளுக்கு அதை வெட்டும் திசையையும் பார்த்தே வெட்ட வேண்டும்.

உடைவு இன்னொரு தொல்லை. உலோகம் துகளின் மேல் ஏற்றும் சுமை துகளின் தாங்கும் எல்லையைத் தாண்டினால் துகள் பிளக்கிறது. பெரிய துகளில் ஏற்கெனவே மயிரிழைக் குறைகள் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அதுவே முதலில் பிளக்கிறது. கோணல்மாணலாக நீண்டவை அடுத்து. வெப்பநிலை குறைந்தாலும் வேகம் கூடினாலும் உலோகத்தின் எதிர்ப்பு உயர்ந்து, துகளின் மேல் ஏறும் சுமையும் உயர்கிறது. பிளந்த இடைவெளிக்குள் நெகிழ்ந்த உலோகம் புகுந்து நிரப்பிவிட்டால், துகள் சிறிதாகி நன்மையே விளையும். நிரப்ப நேரமோ அழுத்தமோ போதாவிட்டால் அங்கே ஒரு வெற்றிடம் தங்கி, பின்னாளில் விரிசலின் பிறப்பிடமாகும். பிதுக்கலில் சுற்றழுத்தம் மிகுதி. ரோலிங்கில் தகட்டின் ஓரங்களில் இழுவிசை உண்டு. ஆகவே முதலில் பிதுக்கி உடலை உறுதியாக்கி, அதன் பின்னரே உருட்டுவதோ அச்சில் அழுத்தி வடிப்பதோ நல்லது என்பது இத்தொழிலின் நடைமுறை ஞானம். மறுபக்கம், சூட்டை மிகுதியாக்கி எல்லாவற்றையும் எளிதாக்கிவிடலாம் என்று எண்ணவும் முடியாது. பாய்ச்சலின் உராய்வே கூடுதல் சூட்டை எழுப்புவதால், மணி எல்லைகளில் தாழ்ந்த வெப்பநிலையில் உருகும் பகுதிகள் கசிந்து, பட்டையின் மேற்பரப்பு கிழிந்துபோகும். கூட்டுப்பொருளை வெறும் கலப்புலோகத்தைவிட மெதுவாகவே பிதுக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

அச்சிலிருந்து வெளிவந்த பின்னும் மாற்றம் ஓய்வதில்லை. சூடான பட்டை குளிர்வதற்கு எடுத்துக்கொள்ளும் நிமிடங்களில், சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டு புதிய மணிகள் பிறக்கலாம், பிறந்தவை வளரலாம். உடனே நீரில் குளிர்வித்தால் மட்டுமே உருமாற்றத்தின்போது கிடைத்த அமைப்பு நிலைக்கும். 6061 போன்ற கலப்புலோகங்களில் வலிமைக்கு அடிப்படையான மெக்னீசியம்-சிலிக்கன் நுண்படிவுகள், குளிர்வித்த பின் மிதமான சூட்டில் வைத்திருக்கும்போது உருவாகின்றன. துகளைச் சுற்றி அடர்ந்திருக்கும் இடப்பிறழ்வுகள் இப்படிவுகள் பிறக்க ஏற்ற இடங்களாக அமைவதால், பல கூட்டுப்பொருள்கள் உச்ச வலிமையை வெறும் கலப்புலோகத்தைவிட விரைவில் எட்டிவிடுகின்றன. கலப்புலோகத்துக்கான கையேட்டைப் பார்த்து அதே நேரம் உலையில் வைத்தால் உச்சத்தைத் தாண்டி வலிமை இறங்கத் தொடங்கியிருக்கும்.

மணிகள் மிகச் சிறுத்தால் விளையும் ஒரு விந்தை தனியே குறிப்பிடத்தக்கது. சில உலோகங்கள் குறிப்பிட்ட சூட்டில் அறுந்துபோகாமல் பலமடங்கு நீளும். மீநெகிழ்வு எனப்படும் இவ்வியல்பு வழக்கமாக மிக மெதுவாக இழுத்தால்தான் தெரியும், ஒரு பாகத்தை உருவாக்கவே நெடுநேரம் ஆகும் என்பதால் தொழிற்சாலைகளுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. 1984இல் டி. ஜி. நீயும் உடன் ஆய்ந்தோரும், 2124 கலப்புலோகத்தில் 20 சதவீதம் சிலிக்கன் கார்பைடு ஊசியிழைகள் சேர்த்த பொருளை 525 டிகிரியில் நொடிக்கு 0.33 என்னும் வேகமான திரிபு வீதத்தில் இழுத்து, 300 சதவீத நீட்சி பெற்றதாக அறிவித்தனர். அறை வெப்பநிலையில் சில சதவீதமே நீண்டு முறியும் பொருள், தக்க சூட்டில் தாய்க் கலப்புலோகத்தையே விஞ்சும் அளவுக்கு நீண்டது. துகளாலும் இழையாலும் வளரவிடாமல் நிறுத்தப்பட்ட நுண்மணிகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கியதே இதற்கு முதன்மைக் காரணம் எனக் கொள்ளப்படுகிறது.

ஆயினும் சூட்டு உருமாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. வானூர்தி உறுப்புகளில் துகளின் பங்கு 15 அல்லது 17.5 சதவீதமாக இருப்பது தற்செயலன்று. பங்கு கூடக்கூட விறைப்பு கூடினாலும், துகள்களுக்கு இடையே உலோகம் பாய்வதற்கான இடைவெளி குறைந்து, உடைவும் வெற்றிடமும் பெருகி, எக்ஸ்ட்ரூஷன் அச்சும் சிலிக்கன் கார்பைடின் உரசலில் விரைவாகத் தேய்கிறது. மின்சார இரயில்களிலும் மின்வண்டிகளிலும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் குறைக்கடத்திகளின் அடித்தகடுகளுக்கு அறுபது சதவீதத்துக்கும் மேல் சிலிக்கன் கார்பைடு தேவைப்படுகிறது. அங்கே துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதால் அப்பொருளை உருட்டவோ பிதுக்கவோ யாரும் முயல்வதில்லை, துகள்களை முதலில் தேவையான வடிவில் கட்டியாக்கி, அதன் இடுக்குகளுக்குள் உருகிய அலுமினியத்தை அழுத்திச் செலுத்தி, பெரும்பாலும் இறுதி வடிவத்திலேயே எடுத்துவிடுகின்றனர்.